தைராய்டுக்கு இரண்டாவது மாத்திரை தேவையா?

கேள்வி: எனக்கு வயது 46, எடை 62 கிலோ, ஊர் பர்மாவில் பெகு. ஐந்து வருடமாகத் தைராக்சின் 100 மைக்ரோகிராம் சாப்பிடுகிறேன். போன வருடம் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும்) 2.9 இருந்தது. இப்போது 7.4 என்று வந்திருக்கிறது. ஃப்ரீ டி4 (ரத்தத்தில் கட்டுப்படாமல் இருக்கும் தைராக்சின்) குறைவின் விளிம்பில் நிற்கிறது. களைப்பு தாங்கவில்லை, முடி கொட்டுகிறது, மலச்சிக்கல், மாதவிலக்கு எட்டு நாள் வரை போகிறது. ரத்தச்சோகை என்று எட்டு மாதமாக இரும்புச்சத்து மாத்திரையும், மூட்டுவலிக்குக் கால்சியமும் கொடுத்திருக்கிறார்கள். மறந்துவிடக்கூடாதே என்று எல்லாவற்றையும் காலை ஐந்தரை மணிக்கு லப்பயேவோடு (பர்மியப் பால் டீ) சேர்த்து விழுங்கிவிடுகிறேன். முடிக்காகப் பயோட்டின் 10 மில்லிகிராம் தனியாக. டாக்டர் தைராக்சினை 125 ஆகக் கூட்டலாம் என்கிறார். லண்டனில் இருக்கும் நாத்தனாரோ, "ஒரு ஹார்மோன் போதாது, இரண்டும் வேண்டும்" என்று லியோதைரனின் என்ற டி3 ஹார்மோன் மாத்திரையை, 20 மைக்ரோகிராம், அனுப்பியிருக்கிறார். அதைச் சேர்த்துக்கொள்ளலாமா? முட்டைக்கோஸ், சோயா இரண்டையும் அடியோடு விட்டுவிட்டேன். கடற்பாசி மாத்திரை நல்லது என்கிறார்களே? சஷ்டி விரதத்தில் மாத்திரை போடலாமா? என் மகளுக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆனது. அவளையும் சோதிக்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

லண்டன் மாத்திரையை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். 125-ஐயும் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லி உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். நீங்கள் ஏற்கெனவே சாப்பிடுகிற 100 மைக்ரோகிராமே உங்கள் ரத்தத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் கடிதத்தைப் படிக்கும்போது தெரிகிறது.

தைராக்சின் சிறுகுடலில் உறிஞ்சப்படும் மருந்து. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டால் 100-ல் 70, 80 பங்கு உள்ளே போகும். இரும்பும் கால்சியமும் கூட வந்தால் குடலிலேயே அதைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். கட்டுண்ட மருந்து அப்படியே மலத்தோடு போய்விடும். அதற்கு மேல் லப்பயேவில் இருக்கும் கண்டென்ஸ்ட் மில்க்கும் கால்சியம்தான். காப்பியாக இருந்தாலும் இதே கதைதான். எட்டு மாதத்துக்கு முன்னால் இரும்பும் கால்சியமும் வந்தன, அதற்குப் பிறகு டி.எஸ்.எச். ஏறியிருக்கிறது. இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை.

இதில் ஒரு சுழலும் இருக்கிறது. தைராய்டு குறைந்தால் மாதவிலக்கு அதிகமாகும். ரத்தம் போனால் இரும்பு குறையும். இரும்பு குறைந்தால் இரும்பு மாத்திரை வரும். அந்த மாத்திரை தைராக்சினைத் தடுக்கும். தைராய்டு இன்னும் குறையும். களைப்பும் முடி உதிர்வும் இந்தச் சுழலின் எந்த முனையிலிருந்தும் வரலாம். அதனால் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு நிற்காமல் ஃபெரிட்டின் என்ற சோதனையையும் செய்துகொள்ளுங்கள். 30-க்குக் கீழே இருந்தால் உடம்பின் இரும்பு இருப்பு காலியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் இருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது இரும்பு சாப்பிட வேண்டியிருக்கும். எட்டு நாள் மாதவிலக்கை முழுவதும் தைராய்டின் தலையில் போட்டுவிடாதீர்கள். 46 வயதில் கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன் அவசியம்.

டாக்டர் 125 என்று சொன்னதில் தவறில்லை. கையில் இருக்கும் சீட்டு அப்படித்தான் சொல்கிறது. நீங்கள் மாத்திரையை எப்படி விழுங்குகிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அளவையும் கூட்டி, சாப்பிடும் நேரத்தையும் ஒரே நாளில் சரிசெய்தால், இதுவரை உள்ளே போகாதது எல்லாம் திடீரென்று போக ஆரம்பிக்கும். ஆறு வாரத்தில் படபடப்பும் கை நடுக்கமும் தூக்கமின்மையும் வந்து, அடுத்த சீட்டில் டி.எஸ்.எச். 0.1 என்று நிற்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். வளர்ந்தவர்களுக்கு முழு அளவு எடைக் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம். உங்களுக்குக் கணக்குப் போட்டால் 62-ஐ 1.6-ஆல் பெருக்க 99 வருகிறது. அதாவது 100 உங்கள் உடம்புக்குப் பொருந்துகிற அளவுதான். போன வருடம் அதிலேயே 2.9 வந்ததும் இதற்குச் சாட்சி.

நேரத்தை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தரைக்கு எழுந்ததும் தைராக்சின் மட்டும், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரோடு. அதன் பிறகு பூஜை, குளியல், வாசல் வேலை எல்லாம் முடித்து, ஆறரைக்கு லப்பயே. ஒரு மணி நேர இடைவெளி நல்லது, அரை மணி என்பது கடைசி எல்லை. இரும்பு மாத்திரையைப் பதினொரு மணி வாக்கில் எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ வேண்டாம், டீயில் இருக்கும் துவர்ப்பு இரும்பை உறிஞ்ச விடாது. கால்சியம் ராத்திரிச் சாப்பாட்டோடு. தைராக்சினுக்கும் இவ்விரண்டுக்கும் நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. புளித்த ஏப்பத்துக்குக் குடிக்கிற ஆன்டாசிடுக்கும் இதே நான்கு மணி நேரம். ஒமிப்ரசோல் போன்ற மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறவர்களுக்கு இடைவெளி விட்டும் பயன் குறைவு. வயிற்றில் அமிலம் குறைந்தாலே தைராக்சின் சரியாகக் கரையாது, அளவைத்தான் கூட்ட வேண்டிவரும்.

காலையில் டீ இல்லாமல் ஒரு மணி நேரம் முடியாது என்றால் படுக்கும்போது போடலாம். கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். அப்போது கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காலையா இரவா என்பது முக்கியமில்லை. தினமும் ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம். ஒரு நாள் விட்டுப்போனால் அன்றைக்கே நினைவு வரும்போது போடுங்கள், இல்லையென்றால் மறுநாள் இரண்டாகப் போட்டாலும் பாதகமில்லை. தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஏழு நாள் ஆகும். (இந்தச் சலுகை தைராக்சினுக்கு மட்டும். லியோதைரனினை ஒருபோதும் இரட்டிப்பாகப் போடக்கூடாது.)

இந்த ஏழு நாள் கணக்கால்தான் மாற்றம் செய்த இரண்டாவது வாரமே ரத்தம் எடுத்துப் பார்ப்பது வீண்செலவு. புது நிலை ரத்தத்தில் நிலைபெறவும், மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதற்கு ஏற்ப டி.எஸ்.எச்.-ஐ அடக்கிக்கொள்ளவும் ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். முதல் இரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று மனம் தளராதீர்கள்.

அடுத்து பயோட்டின். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் இந்த மாத்திரை தைராய்டு சுரப்பியை ஒன்றும் செய்வதில்லை. சோதனைக்கூடத்தின் இயந்திரத்தைத்தான் ஏமாற்றுகிறது. பல இயந்திரங்கள் பயோட்டினையே ஒட்டுப்பசை மாதிரிப் பயன்படுத்தி அளக்கின்றன. உங்கள் ரத்தத்தில் அது மிதமிஞ்சிக் கிடந்தால் டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகவும், டி4, டி3 உண்மையைவிட அதிகமாகவும் காட்டும். எல்லாக் கூடத்திலும் இப்படி ஆகும் என்றில்லை, ஆனால் உங்கள் சீட்டில் இருக்கும் 7.4-க்குப் பின்னால் அதைவிடப் பெரிய எண் ஒளிந்திருக்க இடமுண்டு. ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிடுங்கள். உங்கள் முடி உதிர்வுக்கு இரும்பும் தைராக்சினும் சரியாவதுதான் மருந்து. பயோட்டின் குறைபாடு உண்மையில் மிக அரிது, எனவே அதை நிறுத்தியே விட்டாலும் நட்டமில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே சோதனைக்கூடத்தில், கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ரத்தம் கொடுங்கள். டி.எஸ்.எச். விடியற்காலையில் ஏறியும் பிற்பகலில் இறங்கியும் இருக்கும். போன தடவை பெகுவில் மாலை, இந்தத் தடவை ரங்கூனில் காலை என்று எடுத்த இரண்டு எண்களை ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும்.

இனி நாத்தனாருடைய கேள்விக்கு வருவோம். அவர் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். தைராய்டு இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. டி4, அதாவது தைராக்சின், கிடங்கில் இருக்கும் நெல் மாதிரி, டி3 என்பது உலையில் போடத் தயாரான அரிசி. சுரப்பி நேரடியாக வெளியே விடுவதில் பெரும்பங்கு டி4-தான், ஒரு பங்கு டி3-க்குச் சுமார் 14 பங்கு டி4. நமக்கு வேண்டிய டி3-ல் 80 விழுக்காட்டை ஈரல், சிறுநீரகம் முதலான உறுப்புகள் டி4-இலிருந்து ஒரு அயோடின் அணுவைக் கழற்றித் தாமே செய்துகொள்கின்றன. சுரப்பி இல்லாதவர்களின் உடம்பிலும் இந்த மாற்றம் நடக்கிறது என்று 1970-ல் நிறுவிக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் டி4 மட்டும் கொடுத்தால் போதும் என்ற வழக்கம் உறுதிப்பட்டது.

ஆனால் டி.எஸ்.எச். சரியாகியும் சிலருக்குக் களைப்பும் மந்தமும் போவதில்லை. 1999-ல் லித்துவேனியாவில் 33 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களுடைய தைராக்சினில் 50 மைக்ரோகிராமைக் குறைத்து, அதற்குப் பதில் 12.5 மைக்ரோகிராம் டி3 கொடுத்தபோது மனநிலையும் நினைவாற்றலும் மேம்பட்டதாக வெளியானது. உலகமெங்கும் ஆவல் கிளம்பியது. பின்னால் பெரிய அளவில் செய்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அந்தப் பலனை மீண்டும் காணவில்லை. இருந்தும் சிலர், எந்த மாத்திரை என்று தெரியாமலே சாப்பிட்டபோதும், கூட்டு மருந்தையே விரும்பினார்கள். எனவே ஐரோப்பிய தைராய்டு சங்கம் 2012-ல் ஒரு நடுவழி சொன்னது: எல்லாருக்கும் வேண்டாம், ஆனால் தைராக்சினைச் சரியாகச் சாப்பிட்டு, டி.எஸ்.எச். சரியான எல்லையில் நின்றும், வேறு காரணம் எதுவும் தேடிக் கிடைக்காமல், தொல்லை தொடர்கிறவர்களுக்கு நிபுணரின் கண்காணிப்பில் சோதனையாகக் கொடுத்துப் பார்க்கலாம். இந்த வழி சரி என்பதே என் கருத்தும். தொல்லை உங்களுக்கு இருக்கிறது, ஆனால் மற்ற மூன்று நிபந்தனைகளில் ஒன்றுகூட இன்னும் நிறைவேறவில்லை.

வேறு காரணம் என்றேனே, அது வெறும் சம்பிரதாயப் பேச்சு இல்லை. இரும்பு, பி12, வைட்டமின் டி, சர்க்கரை, மாதவிலக்கு நிற்கும் வயதின் தூக்கக் குறைவு, குறட்டையோடு மூச்சு அடைபடுவது, மனச்சோர்வு எல்லாமே தைராய்டு குறைவின் வேஷம் போட்டு வரும். பி12-ஐக் குறிப்பாகப் பாருங்கள். உங்கள் தைராய்டு குறைந்ததற்குக் காரணம் ஹாஷிமோட்டோ என்ற தற்காப்புக் கோளாறு என்றால், அதே கோளாறு வயிற்றின் உட்சுவரையும் தாக்கி பி12-ஐயும் இரும்பையும் உறிஞ்சவிடாமல் செய்வது உண்டு. டி.பி.ஓ. எதிர்ப்பொருள் சோதனையை ஒரே ஒரு முறை செய்தால் அது ஹாஷிமோட்டோவா என்று தெரிந்துவிடும். திரும்பத் திரும்பச் செய்யத் தேவையில்லை.

சரி, எல்லாம் சரியாகியும் களைப்பு போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நாத்தனார் அனுப்பிய 20 மைக்ரோகிராம் மாத்திரையை 100 தைராக்சினோடு அப்படியே சேர்க்க முடியாது. டி3-ன் வலிமை டி4-ஐப் போலச் சுமார் மூன்று மடங்கு. 20 டி3 என்றால் 60 டி4-க்குச் சமம். அதாவது நீங்கள் தினமும் 160 சாப்பிடுகிற மாதிரி. அதுவும் மெதுவாக ஏறாமல், விழுங்கிய இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சிக்குப் போய் இதயத்தைத் தட்டும். நீண்டநாள் இப்படிப் போனால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதும், மாதவிலக்கு நிற்கும் வயதில் எலும்பு தேய்வதும் நிச்சயமான அபாயங்கள்.

முறையாகக் கணக்கிடும் வழி இது. டி.எஸ்.எச்.-ஐச் சரியாக வைத்திருக்கும் தைராக்சின் அளவை 20-ஆல் வகுத்தால் வருவது டி3-ன் அளவு. அதை மூன்றால் பெருக்கித் தைராக்சினிலிருந்து கழிக்க வேண்டும். உங்களுக்கு 100-ஐ 20-ஆல் வகுத்தால் 5 மைக்ரோகிராம் டி3. தைராக்சின் 100-லிருந்து 15 போய் 85. 85-க்கு மாத்திரை இல்லையே என்று தவிக்க வேண்டாம்: வாரத்தில் மூன்று நாள் 100, நான்கு நாள் 75 (ஐம்பதும் இருபத்தைந்தும்) சாப்பிட்டால் வாரத்துக்கு 600, நாளுக்குச் சராசரி 86. தைராக்சின் மெதுவாகக் கரைந்து போகும் மருந்து என்பதால் இந்த ஏற்ற இறக்கம் உடம்புக்குத் தெரியாது. டி3 அப்படியில்லை, ஒரு நாளிலேயே பாதியாகிவிடும். அதனால் அதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. 20 மாத்திரையை நான்காக உடைத்து 5 ஆக்குகிறேன் என்று கிளம்பினால் ஒரு துண்டு 3, இன்னொன்று 7 என்று ஆகும், மிச்சம் தூளாகும். 5 மைக்ரோகிராம் மாத்திரையே கிடைத்தால்தான் தொடங்க வேண்டும். மூன்று மாதத்துக்குத் தடையில்லாமல் கிடைக்குமா என்பதையும் முதலில் உறுதி செய்யுங்கள். பயணப் பெட்டியில் வந்து சேரும் மருந்தை நம்பி ஆரம்பித்து நடுவில் நின்றுபோனால், அதில் கிடைத்த முடிவு எதற்கும் உதவாது.

கூட்டு மருந்தில் ரத்தம் எடுக்கும் நாளன்று காலை மாத்திரை போடுவதற்கு முன்னாலேயே எடுக்க வேண்டும். டி3 போட்டு இரண்டு மணி கழித்து எடுத்தால் ஃப்ரீ டி3 வானத்தில் நிற்கும், டாக்டர் பயந்து அளவைக் குறைப்பார். ஃப்ரீ டி4 முன்பைவிடக் கொஞ்சம் குறைந்து காட்டுவது இயல்பு, அதற்காகத் தைராக்சினைக் கூட்டக்கூடாது. டி.எஸ்.எச். இயல்பான எல்லைக்குள், அதாவது பெரும்பாலான கூடங்களில் 0.4-க்கும் 4-க்கும் நடுவில், இருந்தாக வேண்டும். அளவு நிலைத்த பிறகு மூன்று மாதம் பாருங்கள். உங்களுக்கே தெளிவாக வித்தியாசம் தெரியவில்லை என்றால் பழைய 100-க்குத் திரும்பிவிடுவதுதான் ஒழுங்கு. இதயத் துடிப்புக் கோளாறு, நெஞ்சுவலி உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையே வேண்டாம். வயிற்றுப் பிள்ளையின் மூளைக்குத் தாயின் டி4-தான் போய்ச் சேர்கிறது, டி3 போதுமான அளவு சேராது.

உலர்த்திய பன்றித் தைராய்டு மாத்திரையை "இயற்கையானது" என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். 60 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 38 மைக்ரோகிராம் டி4-ம் 9 மைக்ரோகிராம் டி3-ம் இருக்கும். அதாவது நான்குக்கு ஒன்று. மனிதச் சுரப்பியில் 14-க்கு ஒன்று. பன்றிக்கு அது இயற்கை. மாமிசம் தொடாதவர்களும் முஸ்லிம் வாசகர்களும் மாத்திரைப் பெட்டியைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டிய காரணமும் அதிலேயே இருக்கிறது.

சாப்பாட்டில் நீங்கள் விட்டது தேவையில்லாதது, விட வேண்டியது வேறொன்று. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகுக்கீரை இவற்றில் தைராய்டு வேலையைக் குறுக்கே தடுக்கும் பொருள் உண்டு. பச்சையாகப் படிக்கணக்கில் தின்றால்தான், அதுவும் அயோடின் பற்றாக்குறை உள்ளவருக்குத்தான், அது தொல்லை தரும். வேக வைத்தால் பெரும்பகுதி போய்விடும். மேலும் உங்களுக்கு ஹார்மோனே வெளியிலிருந்து வருகிறது, சுரப்பியைத் தடுக்க என்ன இருக்கிறது? கோஸ் பொரியலைத் தைரியமாகச் செய்யுங்கள். மூங்கில் குருத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை: பச்சைக் குருத்தில் சயனைடு சேர்ந்த பொருள் உண்டு, அது உடம்பில் தைராய்டுக்கு ஆகாத தயோசயனேட்டாக மாறும். நன்றாக வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிறகு புளிச்சக்கீரையோடு வதக்குங்கள்.

சோயா வேறு வகை. அது சுரப்பியைவிட மாத்திரையைத்தான் தொந்தரவு செய்யும், குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். காலையில் டீக்கடைச் சோயாப் பாலில் மாத்திரை போடாமல், மதியம் சோயாத் தோஃபு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. நேற்று நிறைய, இன்று சுத்தமாக இல்லை என்று குதிக்காமல் அளவு ஒரே மாதிரி இருக்கட்டும். ஷான் தோஃபுவைப் பற்றிக் கவலையே வேண்டாம். பெயர்தான் தோஃபு, அது கடலை மாவில் செய்வது.

அயோடின் விஷயத்தில்தான் பர்மாவில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சின், ஷான் மலைப்பக்கங்களில் லெபின்ஜி என்று சொல்லும் கழுத்துக்கழலை பல தலைமுறையாக உண்டு, காரணம் மண்ணிலும் உப்பிலும் அயோடின் இல்லாததுதான். அதனால் வீட்டில் அயோடின் கலந்த உப்பு கட்டாயம். வளர்ந்தவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் போதும். கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் உள்ள உப்பில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம், அதை நிறைவு செய்துவிடும். ஆனால் நாம் சாப்பிடும் உப்பில் பெரும்பங்கு ஙப்பி என்ற மீன் விழுதிலும் மீன் சாற்றிலும் கருவாட்டிலும் வருகிறது. அவற்றை அயோடின் உப்பில்தான் போட்டார்கள் என்று நம்பிவிட முடியாது. சமையல் உப்பை மூடிபோட்ட டப்பாவில், வெயில் படாமல், அடுப்புக்குப் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். கொதிக்கும் குழம்பில் முதலிலேயே போடாமல் இறக்கும் நேரத்தில் போட்டால் அயோடின் மிஞ்சும்.

கடற்பாசி மாத்திரை மட்டும் கூடவே கூடாது. சில வகைப் பாசியில் ஒரு நாள் தேவையைப் போலப் பல மடங்கு அயோடின் இருக்கும், ஒரு மாத்திரைக்கும் இன்னொன்றுக்கும் அளவும் ஒத்து வராது. ஹாஷிமோட்டோ உள்ளவருக்கு மிதமிஞ்சிய அயோடின் சுரப்பியை இன்னும் முடக்கும். உங்களுக்கு அதன் பயனும் இல்லை. தைராக்சின் மூலக்கூறின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அயோடின்தான். 100 மைக்ரோகிராம் மாத்திரையோடு 60-க்கு மேல் மைக்ரோகிராம் அயோடின் தினமும் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. விருந்தில் எப்போதாவது கடற்பாசி சாலட் சாப்பிடுவது பற்றி நான் பேசவில்லை.

டி4-ஐ டி3-ஆக மாற்றும் நொதிக்குச் செலினியம் வேண்டும், நாளுக்கு 55 மைக்ரோகிராம். மீன், முட்டை, கோழி சாப்பிடுகிற வீட்டில் அது தானே கிடைக்கும். மாத்திரையாக 400-க்கு மேல் போனால் முடி கொட்டும், நகம் உடையும். முடிக்காக என்று அதை வாங்குகிறவர்கள் கவனிக்க. மலச்சிக்கலுக்கு நார்ச்சத்து நல்லதுதான், ஆனால் தவிடும் இசப்கோலும் மாத்திரையைப் பிடித்துக்கொள்ளும். அவற்றை இரவுக்கு வையுங்கள். இரும்புக்குக் கொண்டைக்கடலை, முருங்கைக்கீரை, ஈரல், சிவப்பிறைச்சி. புளிப்பாக ஏதாவது கூட இருந்தால் தாவர இரும்பு நன்றாகச் சேரும். காலை மொஹிங்காவில் மீனும் கடலை மாவும் முட்டையும் இருக்கின்றன, நல்ல உணவு. அதோடு இரண்டு ஈச்சாகுவே பொரியலும் இனிப்பு டீயும் சேருவதுதான் எடைக்குக் காரணம். தைராய்டு குறைவினால் மட்டும் கூடும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோ வரைதான், அதிலும் பாதிக்கு மேல் உப்பும் நீரும். அதற்கு மேல் உள்ளதை மாத்திரை கரைக்காது. எடை குறைக்கத் தைராக்சினைக் கூட்டிப் போடுவது இதயத்தோடு விளையாடுவது.

மருந்தை வைக்கும் இடமும் ஒரு பிரச்சினைதான். தைராக்சின் சூடும் ஈரமும் வெளிச்சமும் தாங்காது, 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நம் மழைக்காலத்து ஈரத்தில், அடுப்பங்கரை அலமாரியில் திறந்த டப்பாவில் கிடக்கும் மாத்திரை நாள்பட வலிமை இழக்கும். அடிக்கடி மின்சாரம் போகிற வீட்டில் ஃபிரிஜும் நல்ல இடமில்லை, குளிர்ந்து வியர்த்து ஈரம் கோத்துக்கொள்ளும். வீட்டிலேயே குளிர்ச்சியான, இருட்டான அறையில், வாங்கிய புட்டியிலோ பட்டையிலோ அப்படியே இருக்கட்டும். கடையில் பட்டையைக் கத்தரித்துப் பத்துப் பத்தாகக் கொடுத்தால் காலாவதித் தேதி இருக்கும் துண்டைக் கேட்டு வாங்குங்கள். எல்ட்ராக்சின், தைரோநார்ம் என்று எந்தப் பெயராக இருந்தாலும் ஒன்றிலேயே நில்லுங்கள். அது கிடைக்காமல் வேறொன்று வாங்கினால் கவலைப்படாமல் சாப்பிடுங்கள், ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள். சீட்டில் 0.1 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் அதுவும் 100 மைக்ரோகிராமும் ஒன்றே. இந்தப் புள்ளியில்தான் பத்து மடங்கு தவறு நடக்கும்.

சஷ்டி விரதத்தில் தாராளமாகப் போடலாம். வெறும் வயிறும் தண்ணீரும்தானே இந்த மருந்துக்கு வேண்டியது. தண்ணீரும் தொடாத கடும் விரதம் என்றால் ராத்திரிப் பலகாரம் முடிந்து மூன்று மணி கழித்துப் படுக்கும்போது. ஆறு நாளும் நிறுத்திவைத்தால் விரதத்தின்போது தெரியாது, அடுத்த வாரம்தான் களைப்பாக வந்து நிற்கும்.

மகளைப் பற்றிக் கேட்டது நல்லதாயிற்று. ஹாஷிமோட்டோ தாயிடமிருந்து மகளுக்கு வர வாய்ப்புள்ளது. குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு முன்பே அவருக்கு டி.எஸ்.எச்.-ம் டி.பி.ஓ. எதிர்ப்பொருளும் பார்த்துவிடுங்கள். கர்ப்பம் தரித்தால் அயோடின் தேவை நாளுக்கு 250 மைக்ரோகிராமாகக் கூடும். அவர் அதற்குள் தைராக்சின் சாப்பிடத் தொடங்கியிருந்தால், நாள் தள்ளிப்போய்க் கர்ப்பம் என்று உறுதியான அன்றே வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூடுதலாகப் போட ஆரம்பித்துவிட்டு, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் பிள்ளைக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யத் தொடங்கியிருக்காது.

உங்களுக்கு: இன்றிலிருந்து நேரத்தை மாற்றுங்கள், அளவு 100-லேயே இருக்கட்டும். எட்டாவது வாரம் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, ஃபெரிட்டின், பி12 நான்கும் ஒரே ஊசியில். அதற்கு முன்பே நெஞ்சு படபடத்தாலோ, மாறாக முகம் வீங்கி, குளிர் நடுங்கி, பகலிலும் எழுப்ப முடியாத தூக்கம் வந்தாலோ எட்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எட்டாவது வாரச் சீட்டில் டி.எஸ்.எச். இன்னும் 4-க்கு மேல் நின்றால், அப்போது உங்கள் டாக்டர் சொன்ன 125 சரி.